வேலையை விடணுமா? அபிஷேக் வர்மாவோட வில்லைப் பாருங்க

"சார், வேலையை விட்டுட்டு எனக்குப் பிடிச்சதுல முழுநேரமா இறங்கலாமா?" மாசத்துக்கு ரெண்டு பேராவது இதைக் கேக்கறாங்க. இந்தத் தடவை ஒரு வில்வித்தை வீரரோட கரியரை வெச்சுப் பதில் சொல்றேன்.

டெல்லியைச் சேர்ந்த அபிஷேக் வர்மா, 1989-ல பிறந்தவர். காம்பவுண்ட் வில்வித்தையில இந்தியாவோட பெரிய பெயர்கள்ல ஒண்ணு. வேலை பார்க்கிறது வருமான வரித் துறையில! (ஆடிட்டர்களுக்கு அவர் மேல கொஞ்சம் பயம் கலந்த பாசம் உண்டு.)

ஒலிம்பிக்ல நாம டிவியில பார்த்தது ரிகர்வ் வில். காம்பவுண்ட் வில்லோட முனைகள்ல சக்கரம் மாதிரி 'கேம்' இருக்கும். இழுக்கும்போது முழு பாரமும் தெரியும். கடைசி வரை இழுத்துட்டா கேம் பாரத்தை வாங்கிக்கும். இதுக்குப் பேரு லெட்-ஆஃப். 60 பவுண்டு வில்லுல லெட்-ஆஃப் 80 சதவீதம்னா, கையில நிக்கறது 12 பவுண்டுதான். கை நடுங்காம குறி பார்க்க நேரம் கிடைக்கும்.

இப்போ அவரோட கரியருக்கு வருவோம். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுல ஆண்கள் அணிக்குத் தங்கம், தனிநபர்ல வெள்ளி. அதே வருஷம் அர்ஜுனா விருது. அடுத்து 2018 ஜகார்த்தா. அங்க காம்பவுண்ட் தனிநபர் போட்டியே கிடையாது! காயமும் இல்ல, ஃபார்மும் போகல, அட்டவணையிலயே அது இல்ல. அணிப் போட்டியில வெள்ளியோட வந்தார். 2023 ஹாங்சோவுல தனிநபர் போட்டி திரும்ப வந்தப்போ அவருக்கு வயசு 34. இறுதிப் போட்டியில நம்ம ஓஜஸ் தேவ்தலேகிட்ட 149-147னு தோத்து மறுபடி வெள்ளி, அணியில தங்கம். நடுவுல 2015, 2021-ல உலகக் கோப்பைப் போட்டிகள்ல தனிநபர் தங்கமும் ஜெயிச்சிருக்கார். ஒலிம்பிக்? காம்பவுண்டுக்கு 2028 லாஸ் ஏஞ்சலஸ்லதான் முதல் முறையா இடம், அதுவும் கலப்பு அணிக்கு மட்டும்.

ஆசிய விளையாட்டுல ஒரு தனிநபர் பதக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒன்பது வருஷம். திறமை இருந்தும் வாய்ப்பு அடுத்தவங்க கையில இருக்கு. ஃப்ரீலான்ஸ், யூடியூப், கோச்சிங் எல்லாமே இதே கதைதான் (என் சேனலும் சேர்த்துதான்). மாசச் சம்பளம்தான் இங்க லெட்-ஆஃப்னு நான் நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு லீவு சலுகை உண்டு. நம்ம மேனேஜர்கிட்ட அதைக் கேட்டா சிரிப்பார். அதனால நம்ம லெட்-ஆஃபை நாமதான் கட்டணும்.

வாடகை, இஎம்ஐ, ஊருக்கு அனுப்பறது எல்லாம் சேர்த்து மாசச் செலவு 35,000 ரூபாய்னு வைங்க. 12 மாசத்துக்கு 4,20,000. மாசம் 15,000 ஒதுக்கினா, வட்டியைக் கணக்குல எடுக்காம 28 மாசம் ஆகும். முதல் ஆறு மாசம் நிஜமாவே வலிக்கும், கேம் இன்னும் திரும்பலைல்ல! கேமரா, வில் மாதிரி சாமான் வாங்கற காசு இதுல சேராது, அதுக்குத் தனி ஆர்டி போடுங்க. கிரெடிட் கார்டுல வாங்கி பாக்கி வெச்சீங்கன்னா மாசத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல வட்டி போகும்.

பலர் மறக்கறது ஹெல்த் இன்ஷூரன்ஸ். ராஜினாமா பண்ணினா கம்பெனி குரூப் பாலிசியும் போயிடும். ஏற்கெனவே இருக்கற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கறதால, சொந்த பாலிசியை வேலையில இருக்கும்போதே எடுத்துடுங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம பிஎஃப் பணத்தை எடுத்தா வரி வரும், அதுல கை வைக்காதீங்க.

வேலையில இருந்துக்கிட்டே பக்கத்துல சம்பாதிக்கறீங்களா? ஃப்ரீலான்ஸ் வருமானம் வந்தா ஐடிஆர்-1 செல்லாது, பெரும்பாலும் ஐடிஆர்-3 அல்லது 4. 28 மாசக் கணக்கை உங்க செலவுக்கு ஏத்த மாதிரி மாத்திப் பார்க்க எக்செல் ஷீட் வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு.