புகைப்பவரைத் திட்டுவதற்கு முன்

 

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ பயானில், பச்சைப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளியை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியைச் சொன்னேன். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெங்காயத்துக்கே இப்படி என்றால் பீடி நாற்றத்தோடு வருகிறவரை என்ன சொல்வது?" என்று கடைசி ஸஃப்பைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டுவிட்டேன். வழக்கமாக அங்கே நிற்கும் ஒரு சகோதரர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பீடியை விடவில்லை, ஜும்ஆவை விட்டுவிட்டார்.

தேடிப் போனேன். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் விசைப்படகுக்குக் கூலியாகப் போகிற நூற்றுக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கோபப்படவில்லை. "ஹஜ்ரத், ராத்திரி வலையைப் போட்டுட்டு உக்காந்தா கண்ணு சொக்கும். இலங்கை நேவி வருதான்னும் பாக்கணும். பசிக்கும். ஒரு பீடியப் பத்த வச்சா எல்லாம் அடங்கிரும். விடத் தெரியாம இல்ல" என்றார். அரபிக் கல்லூரியில் புகையிலையின் சட்டத்தை ஓதியிருக்கிறேன். இந்தப் பாடத்தை அங்கே ஓதவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்ததே ஹிஜ்ரி ஆயிரம் வாக்கில்தான். அன்றைய உலமாக்கள் ஆகும் என்றும், மக்ரூஹ் என்றும், ஹராம் என்றும் கருத்து வேறுபட்டார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுசி (ரஹ்) அவர்கள் ஆகும் என்று தனி நூலே எழுதினார்கள். ஆனால் 1950-ல் வெளியான டோல், ஹில் ஆகியோரின் நுரையீரல் புற்றுநோய் ஆய்வு அவர்கள் கையில் இல்லை. நம் கையில் இருக்கிறது. உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கருத்தில் வரும் 4:29 வசனத்தையும் அந்த ஆய்வையும் சேர்த்துப் பார்க்கிற எவரும் 'வெறும் மக்ரூஹ்தானே' என்று தப்பிக்க முடியாது.

ஆனால் சட்டம் தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? 2016-17-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்டோரில் புகையிலை பயன்படுத்துவோர் நாடு முழுக்க 34.6 சதவீதத்திலிருந்து 28.6-ஆகக் குறைந்திருந்தார்கள். அதே ஏழு ஆண்டுகளில் தமிழ்நாட்டில் 16.2-லிருந்து 20 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். ஏழைகளிடமும் படிப்புக் குறைந்தவர்களிடமும்தான் இந்தப் பழக்கம் அதிகம். தினம் பீடி குடிப்பவர் அன்றைய விலையில் மாதம் சராசரி 284 ரூபாயும், தினம் சிகரெட் குடிப்பவர் 1,192 ரூபாயும் செலவழித்தார்கள். சிகரெட் கணக்கு ஆண்டுக்கு 14,000 ரூபாயைத் தாண்டுகிறது. கூட்டுக் குர்பானிப் பங்குக்குப் பணமில்லை என்பவர் வீட்டிலும் இந்தப் பணம் போகிறது. ஒவ்வொன்றாக, சில்லறையாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

கையில் காசில்லாதபோது பழக்கம் குறையும் என்று நினைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருமானமில்லை, முன்பணக் கடன் ஏறுகிறது, பகல் முழுக்க டீக்கடை பெஞ்சு. அந்த பெஞ்சில் பீடி கூடத்தான் செய்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு கீரமங்கலம், வடகாடு பக்கம் தோப்பை இழந்தவர்களின் கவலையை நினைத்துப் பாருங்கள். கவலைப்படுகிறவன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது? நல்ல வார்த்தையா, பெட்டிக்கடையா?

நாமும் பங்காளிகள்தான். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டில் புகையிலையையும் வைக்கிறோம். வளைகுடாவிலிருந்து வரும் தம்பி சிகரெட் பெட்டியை அன்பளிப்பாக நீட்டுகிறார், மறுத்தால் மரியாதைக் குறைவு. பாட்டிமார் வாயில் ஒதுக்கும் புகையிலையை யாரும் பழக்கமாகவே எண்ணுவதில்லை. பெட்டிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களோ, சிகரெட்டுக்கு வருபவர்தானே டீயும் குடிக்கிறார் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் பாவத்திற்கு உதவாதீர்கள் என்று 5:2 வசனம் சொல்வது வியாபாரிக்கும்தான்.

ரமளானில் இதே சகோதரர்கள் ஸஹர் முதல் மஃக்ரிப் வரை தொடாமல் இருக்கிறார்கள். ஆகவே ஈமான் இல்லை என்று சொல்லாதீர்கள். நோன்பு திறந்த பேரீச்சங்கொட்டை வாயிலிருக்கும்போதே வெளியே ஓடுகிறார்களே, அந்தப் பத்து நிமிடத்தில் அவரோடு யாராவது உட்காருங்கள். விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற அரசின் இலவச ஆலோசனை எண் இருக்கிறது. பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க ஜமாஅத் நிர்வாகிகளிடம் சொல்லியிருக்கிறேன். தடைக்காலத்திற்கு வட்டியில்லாக் கைமாற்று பைத்துல்மாலிலிருந்து கொடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது வாரம் ஜும்ஆவுக்கு வந்தார், அதே கடைசி ஸஃப்பில். பீடியை விட்டுவிடவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கட்டு பிடித்தவருக்கு இப்போது ஒரு கட்டு இரண்டு நாளைக்கு வருகிறதாம். அவருக்காக துஆச் செய்யுங்கள்.