முகப்பூச்சுத் தூளும் சிராவக ஒழுக்கமும்

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் அறிவர்கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகத்தைத் தீட்டிய ஓவியர், தமக்கு வேண்டிய வண்ணங்களைப் பெரும்பாலும் நிலத்திலிருந்தே பெற்றனர். செங்காவி, மஞ்சட்காவி, சுண்ணத்தின் வெண்மை, கரியின் கருமை ஆகியன அவற்றுள் தலையாயவை. அவ்வோவியங்களுக்குச் செம்மையும் மஞ்சளும் தந்த இரும்புக் காவியே, இந்நாளில் நம் இல்லத்து மகளிர் திருமணத்திற்கும் விழாவிற்கும் பூசிக்கொள்ளும் 'மினரல் பவுடர்' என்னும் கனிமத் தூளுக்கும் நிறமூட்டுகிறது. கனிமம் என்றவுடன், "இதில் உயிர்க்கொலை இல்லை, ஐயமின்றிப் பூசலாம்" என்று பலர் துணிகின்றனர். அத்துணிபு எவ்வளவு பொருந்தும் என்பதையும், பூசுவோர் எம்முறையில் பூசுதல் தகும் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

தூளில் அடங்கியவை

கடைகளில் கிடைக்கும் கனிமத் தூளில் நான்கு பொருள்கள் முதன்மையானவை. முதலாவது அப்பிரகம். நம் ஊர்களில் இதனைக் காக்காய்ப்பொன் என்பர். ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடைய இக்கல்லின் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்து முகத்திற்குப் பளபளப்புத் தருகின்றன. இரண்டாவது டைட்டானியம் டையாக்சைடு. இது மாசு மருக்களை மறைக்கும் வெண்பொடி. மூன்றாவது துத்தநாக ஆக்சைடு. இதுவும் வெண்மையானது, தோலின் எரிச்சலைத் தணிக்க வல்லது. நான்காவது இரும்பு ஆக்சைடு. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மூவகைப்படும். இம்மூன்றையும் வெவ்வேறு அளவிற் கலந்தே மாநிறம் முதலிய எல்லா நிறங்களையும் ஆக்குகின்றனர்.

பழைய முகப்பவுடர்களில் மிகுதியாக இருந்தது டால்க். இது கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல்லின் இனம். டால்க் கிடைக்கும் பாறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருத்தலும் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2024ஆம் ஆண்டில் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. ஆதலின் டால்க் இல்லாத கனிமத் தூளைப் பலர் நாடுகின்றனர். இந்நாட்டம் குறைகூறத் தக்கதன்று.

கனிமம் என்ற பெயருடன் கலந்து வருவன

ஆயினும் 'கனிமம்' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருத்தலால் உள்ளிருப்பவை யாவும் கனிமங்களே என்று கொள்ளுதல் கூடாது. கன்னச் சிவப்பிற்கும் இதழ்ச் சாயத்திற்கும் சேர்க்கப்படும் கார்மைன் என்னும் செந்நிறப் பொருள், கோச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து பெறப்படுவது. மெக்சிகோ, பெரு முதலிய நாடுகளில் சப்பாத்திக்கள்ளியின்மேல் ஒட்டி வாழும் இப்பூச்சிகளைச் சேர்த்தெடுத்து, கொன்று, உலர்த்தி, அரைத்துச் சாயமாக்குகின்றனர். ஒரு பவுண்டு சாயத்திற்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். இச்சாயத்தின் வணிக ஊதியத்தைக் கருதியே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார் என்பது வரலாறு.

இன்னும் சில உள. மீன் செதிலிலிருந்து எடுக்கப்படும் குவானின் முத்துப்போன்ற மினுமினுப்புக்காகச் சேர்க்கப்படுகிறது. முத்துப்பொடியும், பட்டுக்கூட்டைக் கொதிநீரில் இட்டுப் பெறும் பட்டுப்பொடியும் தூளை வழவழப்பாக்கச் சேர்கின்றன. மெக்னீசியம் ஸ்டீரேட், துத்தநாக ஸ்டீரேட் என்பன தாவர எண்ணெயிலிருந்தும் ஆகலாம். விலங்கின் கொழுப்பிலிருந்தும் ஆகலாம். பெயரளவில் வேறுபாடு தோன்றாது. செய்தவரைக் கேட்டே அறிதல் வேண்டும். பூசும் பிரஷ்ஷும் ஆராயத்தக்கதே. ஆட்டு மயிர், அணில் மயிர் ஆகியவற்றால் ஆனவையும் உள்ளன. நைலான் போன்ற செயற்கை இழையால் ஆனவையும் உள்ளன.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பெட்டியின் பின்புறப் பொருட்பட்டியலில் நிறப்பொருள்களை 'சி.ஐ.' என்ற குறியுடன் எண்ணாற் குறிப்பர். 77891 டைட்டானியம் டையாக்சைடு, 77947 துத்தநாக ஆக்சைடு, 77491, 77492, 77499 ஆகியன இரும்பின் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, 77019 அப்பிரகம். இவையனைத்தும் கனிமங்கள். 75470 என்பது கார்மைன். 75170 என்பது குவானின். இவ்விரண்டு எண்களையும் நம் இல்லத்தார் மனப்பாடமாக அறிந்திருத்தல் நன்று. விலங்குகள்மீது அழகுப்பொருள்களைச் சோதித்தலும், அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்தலும் நம் நாட்டில் 2014ஆம் ஆண்டில் தடை செய்யப்பெற்றன. அத்தடை சோதனையைப் பற்றியதேயன்றிச் சேர்பொருளைப் பற்றியதன்று. ஆதலின் 'விலங்குகள்மீது சோதிக்கப்படாதது' என்ற சொற்றொடரைக் கண்டவுடன், விலங்குப்பொருள் கலவாதது என்று முடிவு செய்தல் பிழையாம்.

அப்பிரகமும் சம்மேத சிகரமும்

இருபத்துநான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் முத்தி எய்திய சம்மேத சிகரம் ஜார்க்கண்டு மாநிலத்துக் கிரிடிஹ் மாவட்டத்தில் உள்ளது. கயை வழியாக இரயிலில் யாத்திரை செல்வோர் கோடர்மா நிலையத்தைக் கடந்தே பாரசநாத் நிலையத்தை அடைவர். அந்தக் கோடர்மாவும் கிரிடிஹும் அப்பிரகத்திற்குப் பெயர் பெற்ற மாவட்டங்கள். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் அங்கிருந்த சுரங்கங்கள் பல மூடப்பட்டன. ஆயினும் கைவிடப்பட்ட குழிகளிலும் மண்மேடுகளிலும் 'டிப்ரா' எனப்படும் அப்பிரகச் சில்லுகளைப் பொறுக்கி விற்று வயிறு வளர்க்கும் ஏழைக் குடும்பங்கள் பல. பெற்றோருடன் சிறுவரும் அக்குழிகளில் இறங்குதலும், மண் சரிந்து மாண்டோர் இருத்தலும், தூசியை மூச்சில் ஏற்று நுரையீரல் நோயுறுதலும் பலகாலும் வெளிவந்த செய்திகள். 18 வயது நிரம்பாதோரைச் சுரங்கப் பணியில் ஈடுபடுத்துதல் சட்டத்திற்கு மாறானது. எனினும் வறுமை அதனைக் கடக்கச் செய்கிறது.

மலையின்மேல் திருவடிகளை வணங்கி இறங்கும் நாம், அம்மலை நின்ற மாவட்டத்திலேயே ஒரு குழந்தை பள்ளியை விட்டுப் பொறுக்கிய பொருளை முகத்தில் ஏற்றல் தகுமோ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பிரகத்தை அறவே விலக்கினால் அவ்வேழைகள் உள்ள பிழைப்பையும் இழப்பர் என்பாரும் உளர். அவர் கூற்றிலும் பொருள் உண்டு. 2017ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தொடங்கப்பெற்ற பொறுப்புள்ள அப்பிரக முயற்சி என்னும் அமைப்பு, வாணிகத்தை நிறுத்தாமல் சிறுவர் உழைப்பை நீக்குதலையே நோக்கமாகக் கொண்டுள்ளது. ஆதலின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. எங்கிருந்து பெற்ற அப்பிரகம் என்று நிறுவனத்தாரைக் கடிதம் எழுதிக் கேட்டல் ஒன்று. விடை கிடையாவிடத்து, ஆலையிற் செய்யப்படும் செயற்கை அப்பிரகம் உள்ள தூளையோ அப்பிரகம் இல்லாத தூளையோ வாங்குதல் மற்றொன்று.

விரதங்கள் காட்டும் நெறி

இல்லறத்தார் இயங்குயிர்களைக் கருதிக் கொல்லுதலை விலக்க வேண்டியவர். கோச்சினீல் பூச்சி இயங்குயிர். அதனைக் கொன்ற கை நம்முடையதன்றாயினும், கொல்வித்தலும் உடன்படுதலும் குற்றமே என்பது நம் ஆகமத் துணிபு. ஆதலின் கார்மைன் பற்றி ஐயத்திற்கு இடமில்லை, அது விலக்கத்தக்கதே.

கனிமம் பற்றிய நிலை வேறு. நிலத்தையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை நம் சமயம் உடன்படுகிறது. இல்லறத்தார் அவ்வுயிர்களுக்கு ஊறு செய்யாமல் முற்றிலும் வாழ்தல் அரிது. ஆயினும் பயனின்றி நிலத்தை அகழ்தல் முதலியவற்றை விலக்குக என்று அனர்த்ததண்ட விரதம் பணிக்கிறது. பெட்டி பெட்டியாக வாங்கிப் பாதியிற் கொட்டும் தூள் இவ்விரதத்திற்கு இழுக்கு. போகோபபோக பரிமாண விரதமோ, ஒருமுறை துய்த்துக் கழிக்கும் பொருளுக்கும் மீண்டும் மீண்டும் துய்க்கும் பொருளுக்கும் அளவு வகுக்கிறது. தூள் முதல் வகை; பிரஷ் இரண்டாம் வகை. "இவ்வாண்டில் ஒரே பெட்டி, திருமணம், விழா நாள்களில் மட்டும்" என்று காலவரையறையுடன் நியமம் மேற்கொள்ளுதல் எவர்க்கும் எளிது.

நிறம் பற்றியும் ஒரு சொல். தம் நிறத்தைவிட வெளிர்நிறத் தூளைப் பூசித் தம்மை வேறாகக் காட்ட முயலுதல், மானம், மாயை என்னும் கஷாயங்களுக்கு இடங்கொடுப்பது. பெண் பார்க்கும் நாளில் மகளை வெளுக்கச் செய்ய முனையும் பெற்றோர் இதனை ஓர்தல் வேண்டும். நிறம் உடலின் இயல்பு. அதனாற் குணத்திற்குக் குறைவில்லை.

பூசும் முறை

பூச விரும்புவோர் கீழ்வரும் முறையைப் பின்பற்றுவாராக.

1. புதிய தூளை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு என்னும் பொருள் சிலர்க்கு அரிப்பு உண்டாக்கும். அதன் எண் 77163.

2. நிறம் தேர்ந்தெடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவிப் பார்க்க. தோலோடு கலந்து மறைவதே உரிய நிறம்.

3. முகத்தை வடிகட்டிய நீரால் கழுவி, ஒற்றியெடுத்து, வறண்ட தோலாயின் சிறிது எண்ணெயோ தாவரக் களிம்போ தடவி, அது நன்கு ஊறும்வரை பொறுத்தல் வேண்டும். ஈரத்தின்மேல் இட்டால் தூள் திட்டுத்திட்டாகப் படியும்.

4. மூடியில் ஒரு சிட்டிகைத் தூளை மட்டும் கொட்டுக. பிரஷ்ஷை அதில் சுழற்றி, மிகுந்ததை மூடியின் விளிம்பில் தட்டி உதிர்க்க. ஊதுதல் கூடாது, தூள் பறந்து மூச்சிற் புகும்.

5. கன்னத்தில் தொடங்கி வெளிநோக்கிச் சிறுவட்டமாக மெல்லத் தேய்க்க; பின்னர் நெற்றி, மூக்கு, தாடை. கண்ணையும் வாயையும் மூடிக்கொள்க. தடிப்பாக ஒருமுறை இடுதலினும் மெல்லியதாக இருமுறை இடுதல் நன்று. கைக்குழந்தை அருகில் இருத்தலாகாது.

6. துத்தநாகம் இருத்தலால் வெயிலுக்கு இதுவே போதும் என்று எண்ணற்க. மெல்லிய பூச்சு வெயிலை முற்றும் தடுக்காது.

7. உறங்குமுன் முகத்தைக் கழுவுக. பிரஷ்ஷை வாரம் ஒருமுறை சவர்க்கார நீரில் அலசி நிழலில் உலர்த்துக. ஈரப் பிரஷ்ஷும் திறந்த பெட்டியும் நுண்ணுயிர் பெருகுவதற்கும் சிற்றெறும்பு வீழ்வதற்கும் இடமாகும். ஒருவர் பிரஷ்ஷை மற்றவர் கையாளற்க.

விலக்கும் நாள்கள்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், உபவாச நாளில் அலங்காரம், நறுமணம், மலர், நீராடல், அஞ்சனம் முதலியவற்றை விலக்குமாறு கூறுகிறது. ஆதலின் அட்டமி, சதுர்த்தசி உபவாசம் மேற்கொள்வோர் அந்நாளில் முகப்பூச்சையும் விலக்குதல் முறையாகும். ஜினாலயம் செல்லும் நாளிலும், பளபளக்கும் தூள் பிறர் கண்ணை ஈர்க்குமாயின் அதனைத் தவிர்த்தல் சிறப்பு.

அணியும் பூச்சும் வேண்டா என்று இளையோரைக் கடிந்து பேசுதலால் அவர் மறைவாகப் பூசுவரேயன்றி விடார். பட்டியலைப் படிக்கக் கற்பித்தால், விலக்க வேண்டியதைத் தாமே விலக்குவர். இப்பாடத்தைத் தாயும் மகளும், தந்தையும் மகனும் உடனிருந்து படிப்பாராக. சவர முகக்களிம்பும் நறுமணப் பொடியும் ஆடவர்க்கும் உரியனவாதலின் அவரும் இவ்வாராய்ச்சிக்கு விலக்கல்லர்.

பயிற்சி வினாக்கள்

1. இல்லத்தில் உள்ள அழகுப்பொருள்களின் பட்டியலைப் படித்து 75470, 75170 என்னும் எண்கள் உளவா எனக் காண்க.

2. கார்மைனும் காவியும் செந்நிறமே தருவன. சிராவக நெறியில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. முகப்பூச்சுத் தூள், பிரஷ் ஆகியன போகமா, உபபோகமா? காரணம் கூறுக.

4. இவ்வாண்டிற்கு உங்கள் குடும்பம் மேற்கொள்ளத்தக்க நியமம் ஒன்றை எழுதுக.

அறம் வளர்க!