படர்தாமரையை அறிந்து அகற்றுவோம்

சென்ற கோடையில் நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நம்மோடு உரையாடிய விவசாயி ஒருவர், பேச்சினூடே ஓயாமல் இடுப்பைச் சொறிந்துகொண்டிருந்தார். வினவியபோது, "வெறும் படைதான், ஐயா. கடையில் களிம்பு வாங்கிப் போடுகிறேன். போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிடப் பெருகுகிறது" என்றார். நான்கு மாதங்கள் இவ்வாறே கழிந்திருந்தன. அதற்குள் மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் அது தொற்றிவிட்டது.

படர்தாமரை இரத்தக் கெடுதலினால் வருவதன்று. தோலின் மேலடுக்கைப் பற்றி வளரும் நுண்ணிய பூஞ்சைக் காளானே அதன் காரணம். வேர்வை தங்கும் தொடையிடுக்கு, அக்குள், வேட்டியும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். ஒருவர் துண்டையும் உடையையும் பாயையும் மற்றவர் பயன்படுத்துவதால் பரவும். படை கண்ட கன்றுகாலிகளைத் தொடுவதாலும் தொற்றக்கூடும்.

அடையாளங்கள் எளியவை. சிறு சிவந்த தடிப்பாகத் தொடங்கி வட்டமாக விரியும். விளிம்பு சற்றே உயர்ந்து செதிலுதிரும். நடுப்பகுதி தெளிந்து காணும். அரிப்பு மிகும், வேர்த்தால் இன்னும் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அரிப்பின்றி, தொட்டால் உணர்ச்சியுமின்றி வெளிறியோ சிவந்தோ தேமல் காணுமாயின், அது தொழுநோயாக இருக்கலாம். மறைக்க வேண்டா, அஞ்சவும் வேண்டா. கூட்டு மருந்துச் சிகிச்சையால் அது முற்றிலும் குணமாகும். அரசு சுகாதார நிலையங்களில் அம்மருந்து இலவசம். காலந்தாழ்த்தினால்தான் கைகால்கள் ஊனமுறும்.

அவ்விவசாயி வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் சில நாள் அடக்கும்; காளானையோ கொல்லாது. மேலே அடங்கியதுபோல் தோன்ற, உள்ளே நோய் படரும். தோலும் மெலிந்து வரிவரியாக வெடிக்கும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதி செய்தது. ஆகவே கடைக்காரரைக் கேட்டுக் களிம்பு வாங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

1. வீட்டில் எவருக்கெல்லாம் படை உண்டோ, அனைவரும் ஒரே காலத்தில் மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை பெறுக.
2. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தற்க. மருத்துவர் குறித்த நாள் முடியும்வரை தொடர்க.
3. குளித்தபின் உடலை ஈரம் போகத் துடைத்து, தளர்ந்த பருத்தி உடை அணிக.
4. ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்க. துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்துக.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. இடுப்பிலும் தொடையிலும் வரும் நோயைச் சொல்லக் கூசிப் பெண்மக்கள் பலர் மாதக்கணக்கில் துன்புறுகின்றனர். அக்கூச்சம் நீங்கினால் பாதி நோய் நீங்கியதாகும். மேற்கூறிய விவசாயியின் குடும்பத்தார் நால்வரும் ஒருங்கே சிகிச்சை பெற்று, இரண்டு மாதங்களில் நலமடைந்தனர்.