‘ஓடவே இல்ல சார்!’

பழைய ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கப் போகிறவர்களிடம் தரகர்கள் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: “ஓடவே இல்ல சார், ஷெட்லயே கவர் போட்டு நின்ன வண்டி.” வயது பத்து, மீட்டரில் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். உத்திரமேரூர்ப் பக்கம் நிலம் விற்ற காசோ வெளிநாட்டுச் சம்பளமோ கையில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் கிறங்கிப்போகிறார்கள். 2016இல் இந்தியாவுக்கு வந்தபோது ஃபோர்டு மஸ்டாங்கின் விலை 65 லட்சம் ரூபாய். அதே வண்டி அதைவிட மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் ஓடாமல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஓடாத வண்டி புது வண்டி என்பது பொய். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. கட்டாமல் பீரோவில் வைத்த பட்டுப்புடவையை அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே இற்றுப்போகும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். புடவைக்குத் தெரிந்த நியாயம் காருக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

காரில் பாதிப் பொருட்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு; மீதிப் பாதிக்கு நாட்காட்டிதான் கணக்கு. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும்; 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், பத்து வயதானால் பட்டன் தேயாமலே இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. இந்த வண்டிகளில் பெரும்பாலும் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு. ஊர்க் கடையில் தொங்காது, விலையும் அழவைக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் திரவம். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த வரம்பே 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக்குக்குள் கொதித்து நீராவியானால், பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. என்ஜின் சீல்கள் எண்ணெய் படாமல் காய்ந்து இறுகும். கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் உப்புகள் தீர்ந்துபோகும். பங்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; அதுவும் ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் நீரோடு பிரிந்து டேங்க் அடியில் தங்கலாம். உத்திரமேரூர் ஏரியான வயிரமேகத் தடாகம் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில், பிளாஸ்டிக் கவருக்குள் மூடிய காருக்கு நடப்பது பாதுகாப்பு அல்ல. அது இட்லிப் பானை.

“வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி விடுவோமே” என்பார்கள். இது இன்னும் மோசம். பெட்ரோல் எரியும்போது நீர் பிறக்கிறது. ஐந்து நிமிடத்தில் என்ஜின் ஆயில் சூடேறாது. அந்த நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும், சைலன்ஸர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுத்ததை ஐந்து நிமிட ஐட்லிங் திருப்பித் தராது. எடுத்தால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள்; இல்லையேல் சாவியைத் தொடாதீர்கள். “பிஸ்டன் தேய்மானம் குறைவுதானே?” என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், பெல்ட், ஹோஸ், சீல் என்று பட்டியல் போட்டு அந்தத் தொகையைச் சொல்லும் விலையில் கழித்த பிறகே அந்த நியாயத்தைப் பேசலாம். தரகர் சொல்வதோ நேர் எதிர்: ஓடாததற்காகக் கூடுதல் விலை!

அதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்பதில்லை: நன்றாக இருந்த வண்டி ஏன் நின்றது? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. தரையோடு தாழ்ந்த கூபேயில் முழங்கால் தண்ணீரே இருக்கைவரை ஏறிவிடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக்கோடு தெரிகிறதா என்று. கார்ப்பெட்டைத் தூக்கி இருக்கை போல்ட்டுகளின் துருவைப் பாருங்கள். மீட்டரைத் திருப்புவது ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. சர்வீஸ் பில்களையும் ஸ்கேனரில் மற்ற மின்னணுப் பெட்டிகள் காட்டும் எண்ணையும் அதோடு ஒப்பிட வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, ஊர்ச்சபை வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் போடக் கூடாது என்று விதி எழுதி வைத்தார்கள். அவன் உறவினர்களுக்கும் சேர்த்தே தடை. அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு சர்வீஸ் பில்கூட இல்லாத காருக்குப் பல லட்சம் எண்ணிக் கொடுப்பது வெட்கக்கேடு. கணக்கோடு வரும் எழுபதாயிரம் கிலோமீட்டர் வண்டிதான் என் தேர்வு.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. ஆக்டேன் எண் கூடினால் வேகம் கூடாது. அது ‘நாக்கிங்’ அடிக்காமல் தாங்கும் அளவு மட்டுமே. பெட்ரோல் மூடியின் உட்புறம் போட்டிருக்கும் எண் எதுவோ அது போதும். டெல்லி வண்டி மலிவு என்பவர்கள், தடையில்லாச் சான்றும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவும் தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் உண்டு என்பதைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும். பானெட்டுக்குள் புகையிலை வைத்தால் எலி வராதாம். நெல் அறுத்து வயல் காலியானதும் கதகதப்பான இடம் தேடும் எலிக்கு, நகராத காரே மாளிகை. தினமும் ஓடும் காரில் அது அவ்வளவு எளிதில் குடித்தனம் வைக்க முடியாது.

“கிராமத்து ரோட்டில் இந்த வண்டி ஓடாது, அதனால்தான் நிறுத்தி வைக்கிறோம்” என்பது கடைசிச் சமாதானம். வேகம் பார்க்க இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. மற்ற நாளில் வந்தவாசி சாலையே போதும். உண்மையில் அடிப்பகுதியைக் கிழிப்பது ரோடு அல்ல, தெருவுக்குத் தெரு கொட்டிவைத்த வேகத்தடைகள். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு விதி தெளிவாகச் சொல்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரத்தில் மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் வளைவு. அப்படிக் கட்டினால் ஐந்தங்குல இடைவெளி உள்ள கூபேயும் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் தாண்டும். நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றிய ஷேர் ஆட்டோவும் தாண்டும். நாம் கட்டுவதோ பெயின்ட்டும் இல்லாத, அறிவிப்புப் பலகையும் இல்லாத ஒன்றரை அடி அகல வரப்பு. அடுத்த கிராம சபைக்கு ஓர் அளவு நாடாவை எடுத்துப் போங்கள்.