பார்க்கில் இறுகிய கியரும் பழி சுமக்கும் கியர்பொக்ஸும்

காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் ஓடுகிறது, ரேடியோ பாடுகிறது, ஏசி காற்று வருகிறது. கியர் லீவர் மட்டும் ‘பி’யை விட்டு அசைய மறுக்கிறது. மாத்தளையில் ஓட்டோ கியர் கார் வைத்திருக்கும் பலருக்கு இது தெரிந்த சங்கதி. சுற்றி நிற்பவர்கள் சொல்வதும் எங்கும் ஒன்றுதான்: “கியர்பொக்ஸ் போய்விட்டது. லட்சக்கணக்கில் செலவு வரும்.”

கியர்பொக்ஸ் பழுதானால் அது பெரும்பாலும் ஓட்டத்தில்தான் தெரியும். கியர் மாறும்போது வண்டி உதறும், மிதித்தாலும் இழுக்காது. லீவர் ‘பி’யிலேயே இறுகி நிற்பதற்கான காரணம் அநேகமாகப் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரேக் மிதிக்கு மேலே பொருத்தியிருக்கும் சிறிய சுவிட்சை.

லீவரின் அடியில் மின்சாரத்தால் இயங்கும் ஒரு பூட்டு இருக்கிறது. சாவி ‘ஓன்’ நிலையில் இருக்க, பிரேக்கை மிதித்தால்தான் அது திறக்கும். மிதித்த செய்தியை அதற்குச் சொல்வது அந்தச் சுவிட்ச். பெரும்பாலான கார்களில் பின்னால் சிவப்பு பிரேக் லைட்டை எரிய வைப்பதும் அதே சுவிட்ச்தான். ஆகவே லீவரைப் பிடித்து மல்லுக்கட்டுவதற்கு முன், ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு பிரேக்கை மிதியுங்கள். தனியாக இருந்தால் பின்பக்கச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். ஒரு லைட்டும் எரியாவிட்டால் சுவிட்ச் அல்லது அதற்குரிய பியூஸ் போயிருக்கிறது. லைட் எரிந்தும், மிதிக்கும்போது லீவருக்குள்ளிருந்து ‘டிக்’ என்ற சத்தம் வராவிட்டால் பூட்டையோ அதற்குப் போகும் வயரையோ பார்க்க வேண்டும். இனிப்பான பிளேன்டீ லீவரின் இடுக்கில் சிந்திக் காய்ந்து பிசினாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. சத்தம் வந்தும் லீவர் கனமாக இருந்தால் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

சுவிட்சைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு மிதிக்கு அருகே குனிந்தால், மிதியின் கம்பியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் துண்டு தெரியும். மிதியை விட்டதும் சுவிட்சின் முனை அதில் அழுந்தி லைட்டை அணைக்கும். பல வருட வெப்பத்தில் அந்தத் துண்டு மொறுமொறுத்து ஒருநாள் நொறுங்கிவிடும். காலடிப் பாயில் தூள் கிடக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். துண்டு போனால் முனை துளைக்குள் நுழைந்துவிட, பிரேக் லைட் இராப்பகலாக எரியும். விடிவதற்குள் பெட்டரி படுத்துவிடும். பெட்டரி படுத்தால் பூட்டைத் திறக்க மின்சாரம் இல்லை, லீவரும் நகராது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டின் பழி இப்படித்தான் கியர்பொக்ஸின் தலையில் விழுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கம்வரை தனியார் கார்கள் நாட்டுக்குள் வரவில்லை. இருந்த விட்ஸையும் வேகன் ஆரையுமே நாம் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். வண்டிக்கு வயதாக ஆக இத்தகைய சின்னத் துண்டுகள்தான் முதலில் உதிர்கின்றன.

“பலமாக இழுத்தால் வந்துவிடும்” என்பார்கள். பூட்டு திறக்காத நிலையில் பலத்தைக் காட்டினால் லீவரின் பொத்தானோ உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாங்கியோதான் உடையும். அதற்கப்புறம் செலவு நிஜமாகவே வரும்.

“இந்தப் பூட்டே தேவையில்லாத தொல்லை, வயரை மாற்றி நிரந்தரமாகத் திறந்து விடலாம்” என்ற யோசனைதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. இந்தப் பூட்டு எதற்கு வந்தது என்று பாருங்கள். 1986இல் அமெரிக்காவில் ‘ஓடி’ (Audi) 5000 கார்கள் தாமாகவே பாய்கின்றன என்று பெரும் புகார் கிளம்பி, சிபிஎஸ் தொலைக்காட்சிவரை போனது. மறு வருடமே ஓடி நிறுவனம், பிரேக்கை மிதிக்காமல் ‘பி’யிலிருந்து மாற்ற முடியாத பூட்டைப் பொருத்தத் தொடங்கியது. ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்ததே காரணம் என்று 1989இல் அரச ஆய்வு சொன்னது. பிறகு 2008இல் அங்கே இயற்றப்பட்ட குழந்தைப் பாதுகாப்புச் சட்டம், 2010 செப்டம்பர் முதல் தயாராகும் ‘பி’ உள்ள எல்லாச் சிறிய ஓட்டோ கியர் வாகனங்களுக்கும் இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. காரில் தனியாக விளையாடும் பிள்ளை லீவரை இழுத்து வண்டி உருண்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். வீட்டு வாசலே சரிவாக இருக்கும் உக்குவளை, எல்கடுவைப் பக்கங்களில் அந்தப் பூட்டை அறுத்துவிடுவது பெரும் வினையாகும்.

கனமான லீவருக்கு வருவோம். “‘பி’யில் போட்டாயிற்று, ஹேண்ட் பிரேக் எதற்கு?” என்பது மலைநாட்டுக்குச் சற்றும் பொருந்தாத நம்பிக்கை. ‘பி’யில் போட்டால் கியர்பொக்ஸுக்குள் விரலளவு இரும்புக் கொக்கி ஒன்று பற்சக்கரத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். றிவஸ்டனில் காற்று வாங்க இறங்குகிறவர்கள் இரத்தோட்டை வீதிச் சரிவில் அப்படியே விட்டுப்போனால், வண்டியைக் கீழே இழுக்கும் பாரம் முழுவதும் அந்தக் கொக்கியில் தொங்கும். திரும்பி வந்து கியரைப் போடும்போது ‘டங்’ என்று அதிரும், அல்லது வரவே வராது. நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ‘என்’னில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மெதுவாகக் காலை எடுத்து வண்டியின் எடையை அதில் இறங்க விடுங்கள். பின்பு மறுபடி மிதித்து ‘பி’யில் போடுங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டால், மேட்டுப் பக்கமிருந்து இன்னொரு வாகனத்தால் கயிறு கட்டிச் சில அங்குலம் இழுக்கக் கொக்கி விடுபடும். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

“பெட்டரி இல்லாவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்.” பழைய லொறிக்கு அது சரி. ஓட்டோ கியரில் தள்ளினால் என்ஜின் சுழலாது. ‘பி’யில் இருந்தால் வண்டியே உருளாது. ஜம்பர் வயர்தான் வழி. பிரியஸ், ஹைபிரிட் வெசல் போன்ற சில கார்களில் ‘பி’ என்பது மின்சாரப் பொத்தான் என்பதால், சிறிய பெட்டரி உயிர் பெறும்வரை வேறு எதையும் முயல வேண்டாம்.

சாதாரண லீவர் உள்ள கார்களில் ஓர் அவசர வழி இருக்கிறது. அது ஏதோ மெக்கானிக்கின் இரகசியம் என்று பலர் நினைக்கிறார்கள். காரின் கையேட்டிலேயே இருப்பதுதான். ஆனால் யப்பானிலிருந்து பாவித்த காராக வந்தால் கையேடும் யப்பான் மொழியில் இருக்கும், படிக்க ஆளில்லை. லீவருக்கு அருகே ‘ஷிஃப்ட் லொக்’ என்ற எழுத்தோடு பொத்தானோ, நகத்தளவு மூடியோ இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிரேக்கில் காலை அழுத்தியபடி மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பி உள்ளே அழுத்துங்கள். அழுத்திக்கொண்டே லீவரை ‘என்’னுக்குக் கொண்டுவந்து அங்கேயே ஸ்டார்ட் செய்யலாம்.

கராஜ்வரை போக மட்டுமே அது. சுவிட்ச் போயிருந்தால் உங்கள் பிரேக் லைட் எரியவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தம்புள்ளைப் பொருளாதார நிலையத்துக்குப் போய்வரும் மரக்கறி லொறிகள் ஏ-9 வீதியில் உங்கள் பின்னாலேயே வரும். நாலந்தை வளைவில் நீங்கள் வேகத்தைக் குறைத்தது அந்தச் சாரதிக்குத் தெரியவே தெரியாது. லைட் எரியாத காரை இரவில் வீதிக்கு எடுக்கவே வேண்டாம்.

இந்தியத் தயாரிப்பான ஆல்டோ கே10, செலேரியோவின் ஏஜிஎஸ் எனும் ஓட்டோ கியர் வண்டிகளில் ‘பி’யே கிடையாது. கியரில் விட்டு ஹேண்ட் பிரேக் போடுவதுதான் அவற்றின் முறை. அவற்றில் ‘பி’யைத் தேடி ‘என்’னில் விட்டுப் போகிறவர்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டுமே நம்பிப் போகிறார்கள்.

சுவிட்சை மாற்றிய பிறகு கராஜில் பணம் கொடுக்குமுன், மெக்கானிக்கைப் பின்னால் நிற்கச் சொல்லி மிதித்துப் பாருங்கள். இடது, வலது, நடுவே மேலே உள்ளது என மூன்றும் எரிய வேண்டும். காலை எடுத்ததும் மூன்றும் அணைய வேண்டும்.