விருந்தினர் தட்டமும் வீட்டு விளைச்சலும்

வீடு தேடி வந்தோரை வெறும் வாயுடன் அனுப்புதல் நம் கமக்காரரின் வழக்கமன்று. தேநீருடன் ஒரு தட்டம் சிற்றுண்டி வைத்து உபசரித்த பின்னரே ஏனைய பேச்சுகள் தொடங்கும். எனினும் அத்தட்டத்தில் இன்று காணப்படுவன யாவை? கடையில் வாங்கிய பிசுக்கோத்தும், பொதி செய்யப்பட்ட பொரியல் வகைகளும், வசதியுள்ள வீடுகளில் தகரத்தில் அடைத்த பாற்கட்டியுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. வீட்டின் பின்புறத்தில் கச்சான் மூடை அடுக்கியிருக்க, முன்புறத்தில் கடன் கொப்பியில் பிசுக்கோத்து வாங்கப்படுகிறது.

பாலோ பாற்பொருளோ சேராது, நமது வயலிலும் தோட்டத்திலும் விளைவனவற்றைக் கொண்டே சிறந்ததொரு விருந்தினர் தட்டத்தை ஒழுங்கு செய்யலாம். விரதமிருப்போருக்கும், பால் ஒவ்வாதோருக்கும், தாவர உணவை மட்டும் உண்போருக்கும் அது ஏற்றது. அதனைத் தயாரிக்கும் முறையை இப்பிரசுரம் விளக்குகிறது. ஆயினும், இத்தட்டம் அடுக்களையில் அன்றி, அறுவடை செய்து காயவைக்கும் களத்திலேயே தொடங்குகிறது என்பதைக் கமக்காரர் முதலில் உணர்தல் வேண்டும்.

நல்லதை விற்றுப் பழுதை உண்ணல்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கச்சான் அறுவடை முடிந்த ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். முற்றத்தில் இரு குவியல்கள் இருந்தன. ஒன்றில் பருத்த, நிறம் மாறாத பருப்புகள். மற்றையதில் சுருங்கியவை, கறுத்தவை, பச்சை படிந்தவை. வீட்டுத் தலைவியிடம் அவற்றைப் பற்றி வினவினேன். "நல்லது முதலாளிக்கு, ஐயா. இது வீட்டுத் தேவைக்கு. வறுத்துத் தூளும் உப்பும் போட்டால் வித்தியாசம் தெரியாது" என்றார். சிறிது நேரத்தில் அந்த இரண்டாவது குவியலிலிருந்தே வறுத்த கச்சான் ஒரு தட்டத்தில் என் முன் வைக்கப்பட்டது. அருகில் அவ்வீட்டுச் சிறுவர் இருவர் அதனையே உண்டுகொண்டிருந்தனர்.

அந்த அம்மையார் கூறியது உண்மையே. நாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் ஈரலுக்குத் தெரியும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென மடிந்தன. அவற்றின் தீனியில் சேர்க்கப்பட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சு இருந்தமையே காரணமென ஆராய்ச்சியாளர் பின்னர் கண்டனர். அந்நஞ்சு அஃபிளாடொக்சின் எனப்படும். நெடுங்காலம் சிறிது சிறிதாக உட்கொள்ளின், அது மனிதருக்கு ஈரற் புற்றுநோயை உண்டாக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. சாதாரணமாக வறுப்பதாலோ பொரிப்பதாலோ இந்நஞ்சு முற்றாக அழிவதில்லை.

ஆகவே பழுதான பருப்பை வீட்டுக்கென ஒதுக்கும் வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். அதனைக் கோழிக்கும் மாட்டுக்கும் இடலாகாது. புதைத்துவிடுவதே முறை.

கச்சானைப் பாதுகாக்கும் வழி

1. செடியைப் பிடுங்கியவுடன் மண்ணை உதறி, காய்கள் வெயிலிற் படுமாறு வைக்கவும். ஈரத்துடன் குவித்து வைத்தல் தீது.

2. காய்களைப் பாயிலோ சீமெந்துக் களத்திலோ மெல்லிதாகப் பரப்பி உலர்த்தவும். மாலையில் மூடி, பனி படாது காக்கவும்.

3. பருப்பின் ஈரம் 100க்கு 8 பங்குக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். காயைக் காதருகே குலுக்கும்போது பருப்பு கலகலவென ஒலித்தல், விரல்களுக்கிடையே தேய்க்கும்போது தோல் எளிதிற் கழலுதல் ஆகியன நன்கு உலர்ந்தமைக்கு அடையாளங்கள்.

4. மூடைகளை நிலத்தில் வையாது மரச்சட்டத்தின்மீது அடுக்கவும். ஓட்டுடன் வைப்பது உடைத்து வைப்பதினும் பாதுகாப்பானது.

தட்டத்தில் இடம்பெற வேண்டியவை

எட்டுப் பேருக்கான ஒரு தட்டத்துக்குப் பின்வருவன போதுமானவை: சோயாப் பாற்கட்டி ஒன்று, மரமுந்திரிகைப் பாற்கட்டி ஒன்று, குரக்கன் தகட்டு ரொட்டி, வறுத்த கச்சான் 150 கிராம், அவித்துத் தாளித்த பயறு, வெள்ளரி, கரட் முதலிய பச்சை மரக்கறி அரைக் கிலோ, எள்ளுருண்டை, காலத்துக்கேற்ற பழம். இவற்றுள் பெரும்பாலானவை நெல்லுக்குப் பின் வயலிலும், மேட்டு நிலத்திலும் பயிரிடத்தக்கவை. சிறுபோக அறுவடைக்கும் பெரும்போகத்துக்கும் இடையில் ஈரம் எஞ்சியுள்ள வயலில், சுமார் 60 முதல் 65 நாட்களில் முதிரும் பயற்றைப் பயிரிட்டுப் பயனடையும் கமக்காரர் பலர் உளர்.

சோயாப் பாற்கட்டி

உலர்ந்த சோயா அவரையில் 100க்கு 35 பங்குக்கு மேல் புரதம் உண்டு. ஆயினும் பச்சை விதையில் புரதம் சமிபாடடைவதைத் தடுக்கும் பொருளொன்றும் இருக்கிறது. அது நன்கு கொதிக்கவைப்பதனால் வலுவிழக்கும். ஆதலின் சோயாவை அரைவேக்காட்டில் உண்ணலாகாது.

250 கிராம் விதையைப் பொறுக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊறவிடவும். மறுநாட் காலையில் தோலை அகற்றி, கொதிநீர் சேர்த்து அரைக்கவும். குளிர்நீரில் அரைத்தால் விரும்பத்தகாத பச்சை வாடை தோன்றும். கொதிநீர் அவ்வாடையை உண்டாக்கும் நொதியத்தை அழித்துவிடும். மொத்தமாக இரண்டு லீற்றர் நீர் சேர்த்துத் துணியில் வடித்துப் பிழியவும். கிடைத்த பாலைக் கிண்டிக்கொண்டே 15 நிமிடம் கொதிக்கவிடவும். பால் பொங்கி வழியுமாதலின் பெரிய பாத்திரத்தையே பயன்படுத்தவும்.

பின்னர் அடுப்பிலிருந்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடவும். ஐந்து மேசைக்கரண்டி தேசிப்புளியை அதேயளவு நீரிற் கலந்து, மெதுவாக மும்முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே சுற்றுக் கிண்டவும். விரைந்து கிண்டினால் திரளை சிதையும். கால் மணி நேரத்தில் வெண்ணிறத் திரளையும் தெளிந்த மஞ்சள் நீரும் பிரிந்து நிற்கும். நீர் தெளியாவிடின் இன்னும் சிறிது புளி சேர்க்கவும். திரளையைத் துணியிற் கட்டி, துளையுள்ள பாத்திரத்தில் இட்டு, அதன்மேல் ஒரு கிலோ பாரத்தை அரை மணி நேரம் வைக்கவும். கத்தியால் வெட்டத்தக்க கட்டி கிடைக்கும். சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் தடவி, தேங்காயெண்ணெயில் சிவக்கப் பொரித்துத் தட்டத்தில் வைக்கலாம்.

தேசிப்புளியினால் உறையச் செய்த இக்கட்டியில் பசுப்பாற் கட்டியில் உள்ள அளவு கல்சியம் இல்லை. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. எள்ளிலும் அது மிகுதி. எனவே இவற்றைச் சேர்த்து உண்பது அறிவுடைமை. பீ12 விற்றமின் தாவர உணவுகளில் இல்லாமையால், மாமிசம், முட்டை, பால் யாவற்றையும் நாள்தோறும் தவிர்ப்போர் அதுபற்றி வைத்தியரிடம் ஆலோசனை பெறல் வேண்டும்.

மரமுந்திரிகைப் பாற்கட்டி

மன்னார், புத்தளம், மட்டக்களப்புப் பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் மரமுந்திரிகை நன்கு வளர்கிறது. உடைந்த பருப்புக்கு முழுப் பருப்பின் விலை கிடைப்பதில்லை. ஆனால் அரைத்துச் செய்யும் பாற்கட்டிக்கு உடைந்த பருப்பே போதும். பழுதானது வேறு, உடைந்தது வேறு. உடைந்த பருப்பு நிறமும் மணமும் மாறாதிருப்பின் எவ்விதக் குறையுமற்றது. ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்குமாதலின், வீட்டில் உடைப்போர் கைகளைக் காத்துக்கொள்ளல் வேண்டும்.

150 கிராம் பருப்பை 15 நிமிடம் அவித்து வடித்து, 100 மில்லிலீற்றர் நீருடன் வெண்ணெய்போல் அரைக்கவும். கடைகளில் சைனாகிராஸ் என விற்கப்படும் கடற்பாசி 8 கிராமை 200 மில்லிலீற்றர் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நார் தெரியாது முற்றாகக் கரையும்வரை காய்ச்சவும். அதனுள் அரைத்த பருப்பைக் கொட்டி, மூன்று நிமிடம் கிண்டிக் காய்ச்சி இறக்கவும். இறக்கிய பின்னரே இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளி, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத்த உள்ளி ஒரு பல், மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டும். எண்ணெய் பூசிய கிண்ணத்தில் ஊற்றி வைத்தால், நம் நாட்டு வெப்பத்திலும் குளிர்சாதனப் பெட்டியின்றியே ஒரு மணி நேரத்தில் உறையும்.

குரக்கன் தகட்டு ரொட்டி

குரக்கன் மா 200 கிராம், அரிசிமா 50 கிராம், எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, தேங்காயெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அளவான உப்பு ஆகியவற்றைச் சுடுநீர் விட்டுக் குழைக்கவும். இயன்ற அளவு மெல்லியதாகத் தட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, மெல்லிய நெருப்பில் இருபுறமும் மொறுமொறுக்கும்வரை வாட்டவும். ஆறியபின் காற்றுப் புகாத பேணியில் அடைத்தால் சில நாட்களுக்குக் கெடாது. பாற்கட்டியை வைத்து உண்பதற்குப் பிசுக்கோத்தினும் இது சிறந்தது.

பச்சை மரக்கறி பற்றி ஓர் எச்சரிக்கை

வெள்ளரி, கரட், தக்காளி, கறிமிளகாய் என்பன சமைக்கப்படாமலே தட்டத்தில் இடம்பெறுவன. பூச்சிநாசினி தெளித்த பயிரை எத்தனை நாட்கள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது போத்தலின் சீட்டிலே குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியுமுன் பறித்த காயை எவ்வளவு கழுவினும், உள்ளே ஊறிய நஞ்சு நீங்காது. விருந்தினருக்கு வைக்க அஞ்சும் காயைச் சந்தைக்கு அனுப்புதலும் முறையன்று. அதனை வாங்குவோர் வீட்டிலும் விருந்தினர் உளர்.

ஒழுங்கு செய்யும் முறை

முதல் நாள்: சோயாவை ஊறவிடுதல், குரக்கன் ரொட்டி, எள்ளுருண்டை தயாரித்தல்.

அன்று காலை: இரு பாற்கட்டிகளையும் செய்தல், கச்சான் வறுத்தல்.

பரிமாறுமுன்: பயற்றை அவித்துத் தாளித்தல், மரக்கறியும் பழமும் வெட்டுதல்.

வாழையிலை விரித்த பெரிய தட்டத்தின் நடுவில் பாற்கட்டிகளையும், அவற்றைச் சூழ ரொட்டியையும், ஓரங்களில் மரக்கறியையும் பழத்தையும் வைக்கவும். கச்சான், மரமுந்திரிகை, சோயா, எள்ளு ஆகியவை சிலருக்கு ஒவ்வாமையால் பேராபத்தை விளைவிக்கக்கூடும். ஆகவே விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, அவற்றை வேறு வேறு கிண்ணங்களில் வைத்தல் நன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கச்சான் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைக்கும்.

இரு பாற்கட்டிகளும் அன்றே உண்ணப்பட வேண்டியவை. எனது வீட்டில் ஒருமுறை எஞ்சிய சோயாக் கட்டியை மூடி வைத்து மறுநாள் எடுத்தபோது, அது புளித்து வழுவழுப்புற்றிருந்தது. முழுவதையும் எறிய நேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ளோர் அதனை நீரில் அமிழ்த்தி வைத்து, நீரை நாள்தோறும் மாற்றி, மூன்று நாட்களுள் உண்டு முடிக்கலாம்.

முடிவு

முன்னர் குறிப்பிட்ட வீட்டுக்கு மறு ஆண்டும் அறுவடைக் காலத்திற் சென்றேன். முற்றத்தில் அவ்வாண்டும் இரு குவியல்கள் இருந்தன. ஆனால் வீட்டுப் பானைக்குரிய பருப்பை முதற் குவியலிலிருந்தே அம்மையார் அளந்துகொண்டிருந்தார். "இதை விற்றால் இன்னும் கொஞ்சம் காசு வரும், அந்தக் காசு பிள்ளைகளின் ஈரலுக்கு ஈடாகுமா, ஐயா?" என்றார். அன்று எனக்கு வைத்த தட்டத்தில் இருந்ததும் அதே பருப்புத்தான். மற்றைய குவியலைப் புதைக்க வேலியோரத்தில் குழி வெட்டப்பட்டிருந்தது.

கமக்காரர் ஒவ்வொருவரும் விளைச்சலைத் தரம் பிரிக்கும்போது, முதற் பங்கை வீட்டுக்கென எடுத்து வைத்த பின்னரே மூடையைக் கட்டுவாராக. வீட்டார் உண்பதும் விருந்தினர் உண்பதும் ஒரே தட்டமாக இருத்தல் வேண்டும்.