இரத்தச் சர்க்கரையும் மூளை நலமும்

திருக்கோயிலில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் இனிப்புத்தான். சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், கேசரி, பாயசம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் இனிப்புநீர் நோய் எட்டிப் பார்க்காத இல்லம் நம்மிடையே அரிதாகிவிட்டது. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. இந்தியர்களிடையே விகிதம் இதைவிட அதிகம். சிங்கப்பூர் அரசாங்கம் 2016-இல் இந்நோயின் மீது போர் தொடுத்ததை வாசகர்கள் அறிவர்.

கண், சிறுநீரகம், கால், இருதயம் ஆகியவற்றை இந்நோய் தாக்கும் என்பது பலருக்கும் தெரியும். மூளையைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. தாத்தா பேரன் பெயரை மறந்தால் "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

மூளையின் எடை உடல் எடையில் 2 விழுக்காடுதான். ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் அதற்குத் தேவை. (இதற்காகச் சீனி தின்ன வேண்டியதில்லை, சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் உடலே தயாரித்துக்கொள்ளும்.) கல்லீரலைப் போல மூளையால் பெரிதாகச் சேமித்து வைக்க இயலாது. இரத்தம் கொண்டுவந்து கொடுப்பதை அவ்வப்போது செலவு செய்கிறது. ஆகவே சர்க்கரை திடீரெனக் குறைந்தாலும் அதற்குத் தீங்கு. ஆண்டுக்கணக்கில் கூடியிருந்தாலும் தீங்கு.

கூடியிருக்கும் சர்க்கரை இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. மூளையின் உட்பகுதிகளில் நாம் உணராமலேயே சிறு சிறு அடைப்புகள் நேர்கின்றன. அன்றியும், இன்சுலின் மூளையிலும் வேலை செய்கிறது. நினைவாற்றலுக்கும் அதற்கும் தொடர்புண்டு. 1999-இல் வெளிவந்த நெதர்லாந்து நாட்டு ரோட்டர்டாம் ஆய்வில், நீரிழிவு உள்ள முதியோருக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. நீரிழிவு இல்லாதவர்களிலும், சராசரிச் சர்க்கரை 5.5 உள்ளவரைவிட 6.4 உள்ளவருக்கு மறதி நோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுதல் என்று அது கண்டது.

இதைக் கொண்டு அல்ஸைமர் நோயையே 'மூன்றாம் வகை நீரிழிவு' என்று சிலர் அழைக்கின்றனர். அது மிகைப்பட்ட பேச்சு. நீரிழிவே இல்லாதவருக்கும் அந்நோய் வருகிறது. நீரிழிவு உள்ள பலருக்கு வருவதேயில்லை.

இனி, சர்க்கரை குறைவதைப் பற்றி. விரதம் இருக்கும் அன்பர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கந்த சஷ்டியின்போது ஒரு கோயிலில் கண்டது: பெரியவர் ஒருவர் வியர்த்துக் கொட்டி, நடுங்கி, குழறிப் பேசினார். அருள் வந்துவிட்டது என்று சுற்றி நின்றோர் திருநீறு பூசினர். அருகில் இருந்த அவர் மனைவிதான், "காலையில் ஊசி போட்டார், ஒன்றும் சாப்பிடவில்லை" என்று பதறினார். கற்கண்டு கொடுத்த கால் மணி நேரத்தில் தெளிந்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் நினைவு தப்பியிருக்கும். முதியோருக்கு இப்படிக் கடுமையாகச் சர்க்கரை இறங்குவது அடிக்கடி நேர்ந்தால், பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

அளவு 4-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். செயற்கை இனிப்பு இதற்குப் பயன்படாது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழைக்கவும்.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதம் தொடங்குவதற்கு இரண்டொரு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். மருந்தைத் தாமாக நிறுத்துவது வேண்டாம். தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தல் அமைக்கும் உபயகாரர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ரோஸ் சிரப்பும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் மட்டும் வைக்காமல், பக்கத்தில் ஓர் அண்டா நீர்மோரும் வெறும் தண்ணீரும் வையுங்கள். மேசையடியில் ஒரு பொட்டலம் கற்கண்டும் இருக்கட்டும்.